கூரை ஏறாத சுவர்

இத்தாலியில் ஃபுளோரன்ஸிலிருந்து சியேனாவுக்கு பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம் என்றார்கள். எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. விரைவு பஸ்ஸும் ஊர் ஊராக நின்று போகும் பஸ்ஸும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. பலகையைப் படிக்காமல் ஓடிப்போய் ஏறியது என் தப்பு. ஜன்னலோர இடம் கிடைத்தது, சைப்ரஸ் மரங்களும் திராட்சைத் தோட்டங்களும் கூடவே வந்தன. அதனால் பெரிதாகக் கோபம் வரவில்லை.

சியேனாவை எல்லோரும் அரை நாளில் முடித்துவிடுகிறார்கள். என் திட்டமும் அதுதான். பேராலயத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோதுதான் அந்தச் சுவர் கண்ணில் பட்டது. உள்ளே கறுப்பும் வெள்ளையுமாகப் பளிங்கை மாற்றி மாற்றி அடுக்கிய தூண்கள், கால் வைக்கக் கூசும் அளவுக்குச் சித்திரம் பதித்த தரை. வெளியே, பக்கத்துத் திடலின் கோடியில், முட்டு எதுவும் இல்லாமல் மேகத்தைத் தொடுகிற மாதிரி ஓர் ஒற்றைச் சுவர். நடுவில் பெரிய ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் அறை இல்லை, வானம்தான்.

கதை இதுதான். 1339இல் சியேனாக்காரர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். இருக்கிற பேராலயம் போதாது. அதைக் குறுக்குக் கூடமாக மாற்றிவிட்டு, பக்கவாட்டில் பிரம்மாண்டமாக ஒரு புது நடுக்கூடம் எழுப்புவது. அதாவது, நான் சற்று முன் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்த அவ்வளவு பெரிய கோயில், புதுக் கோயிலின் இரண்டு கை மட்டுமே. வேலை மளமளவென்று நடந்தது. ஒன்பதே ஆண்டுகள். 1348இல் கொள்ளை நோய் வந்தது. வேலை நின்றது. 1357இல் பார்த்தால் கட்டியவற்றில் சில பகுதிகள் விரிசல் விட்டு ஆபத்தாக இருந்தன, இடித்துவிட்டார்கள். மிஞ்சியது இந்த முகப்புச் சுவரும் ஒரு பக்கத்து வளைவுகளும்தான். அந்த வளைவுகளுக்கு இடையே சுவர் எழுப்பி இப்போது அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள்.

அருங்காட்சியகத்துக்குள்ளிருந்தே சுவரின் உச்சிக்கு ஏறலாம். திருகுப் படி, தோள் இரண்டு பக்கமும் உரசும். மேலே நின்றால் ஊர் மொத்தமும் ஓட்டுக்கூரையாக விரிகிறது. கீழே சோழி மாதிரி குழிந்த காம்போ சதுக்கம். நான் அதைவிட அதிக நேரம் பார்த்தது காலடியில் இருந்த திடலைத்தான். ஆயிரக்கணக்கானவர்கள் நின்று தொழ வேண்டிய கூடம் அது. ஒரு கிழவர் நாயை இழுத்துக்கொண்டு குறுக்கே நடந்து போனார்.

அந்த வருடம் ஊரில் பாதிக்கு மேல் செத்துப்போனார்கள் என்கிறார்கள். அஞ்ஞோலோ தி தூரா என்ற சியேனாக்காரர் எழுதிய நாளாகமத்தில், என் ஐந்து பிள்ளைகளையும் என் கையாலேயே புதைத்தேன் என்று ஒரு வரி வருகிறது. இறந்தவர்களின் எண்ணிக்கையாக அவர் சொல்வது மிகை என்று வரலாற்றாசிரியர்கள் தள்ளிவிடுகிறார்கள். அந்த ஐந்தை யாரும் தள்ளவில்லை.

அங்கிருந்து நகர மாளிகைக்குப் போனேன். ஒன்பது பேர் கொண்ட சபைதான் அப்போது ஊரை ஆண்டது. அவர்கள் கூடிய அறையின் சுவர்களில் அம்ப்ரோஜியோ லொரன்செட்டி 1338, 1339இல் தீட்டிய நல்லாட்சி, கெட்ட ஆட்சி ஓவியங்கள் இருக்கின்றன. பக்கத்தில் புதுக் கோயிலுக்கு அடிக்கல் போட்டுக்கொண்டிருந்த அதே சமயம்.

நல்லாட்சி நடக்கும் ஊரில் செருப்புக் கடை திறந்திருக்கிறது, வாத்தியார் பாடம் நடத்துகிறார், ஒருத்தி கஞ்சிரா போன்ற ஒன்றைத் தட்டிப் பாட மற்றவர்கள் கைகோத்து ஆடுகிறார்கள். கூரைகளுக்கு நடுவே சாரம் கட்டிக் கொத்தனார்கள் சுவர் எழுப்புகிறார்கள். கோட்டை வாசலுக்கு வெளியே ஒருவன் பன்றி ஓட்டி வருகிறான். கறுப்பு உடம்பில் தோளைச் சுற்றி வெள்ளைப் பட்டை. அந்த இனத்தை இன்றைக்கும் இந்தப் பக்கத்தில் வளர்க்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது அடுத்த சுவரில். ஒற்றுமை என்ற பெண் மடியில் இழைப்புளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், தச்சனுடைய அதே இழைப்புளி. மேடு பள்ளத்தைச் சீவிச் சமன்படுத்துகிற வேலை அவளுடையது. நீதியின் தராசிலிருந்து இறங்கும் இரண்டு கயிறுகளை ஒன்றாக்கி அவள் கொடுக்க, 24 குடிமக்கள் அதைக் கைமாற்றி ஆட்சியின் கையில் சேர்க்கிறார்கள். அரசியல் பாடத்தை இவ்வளவு எளிதாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை. அம்ப்ரோஜியோவும் 1348இல்தான் இறந்தார். கொள்ளை நோயில் என்று நம்பப்படுகிறது. ஒன்பது பேர் ஆட்சி 1355இல் கவிழ்ந்தது.

கொள்ளை நோய் ஃபுளோரன்ஸையும் விடவில்லை. அங்கும் பாதி ஊர் காலி. அவர்கள் மட்டும் எப்படி எழுந்தார்கள்? சியேனாவுக்கு ஆறு கிடையாது. தண்ணீருக்காக மலைக்கு அடியில் சுமார் 25 கிலோமீட்டர் சுரங்கக் கால்வாய் குடைந்த ஊர் அது. கம்பளித் தொழிலுக்குத் தண்ணீர் கொட்ட வேண்டும். ஃபுளோரன்ஸுக்கு ஆர்னோ ஆறு இருந்தது, கம்பளி இருந்தது. பேராலய வேலையைக் கவனித்ததே கம்பளி வணிகர் சங்கம்தான்.

மறுநாள் காலை அந்த ஃபுளோரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்தில் ஏறினேன். 463 படிகள். நேரம் முன்பதிவு செய்யாமல் விடமாட்டார்கள். குவிமாடம் இரண்டு ஓடு. நாம் ஏறுவது அந்த இரண்டுக்கும் இடையில். மேலே போகப் போகச் சுவர் தலைக்கு மேல் சாயும். அங்கே செங்கல்லைத் தொட்டுப் பார்க்கலாம். படுக்கை வரிசைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு நெட்டுக்குத்தாகச் செங்கல் செருகி, மீன்முள் போல அடுக்கியிருக்கிறார்கள். ஒரு சுற்று முடிவதற்குள் ஈரக் காரையில் கல் உள்பக்கம் வழுக்காமல் இந்த நெட்டுக்கல் பிடித்துக்கொள்ளும்.

வீடு கட்டியவர்களுக்குச் சொன்னால் புரியும்: 40 மீட்டருக்கு மேல் அகலமுள்ள கூரையை, புருனெல்லெஸ்கி என்ற கட்டடக் கலைஞர் தரையிலிருந்து சென்டரிங் போடாமலே 1420இலிருந்து 1436க்குள் மூடினார். சுமார் 40 லட்சம் செங்கல் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

இதை மறுமலர்ச்சியின் முதல் கட்டடம் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆனால் இவ்வளவு அகலம், வெளியே முட்டுச்சுவர் கூடாது என்பதெல்லாம் முடிவானது 1367இல். கொள்ளை நோய்க்கு 19 ஆண்டுகள் கழித்து, எப்படிக் கட்டுவது என்று யாருக்கும் தெரியாமலே, ஊரைக் கூட்டி ஒரு மாதிரியை ஏற்றுக்கொண்டார்கள். மேற்பார்வையாளர்கள் வருடா வருடம் அதை மாற்றமாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். புருனெல்லெஸ்கி அப்போது பிறக்கவே இல்லை. அவர் முடித்துக்கொடுத்தது தாத்தா காலத்துத் துணிச்சலை. அதே துணிச்சல் சியேனாவிலும் இருந்தது. சுவரேறிப் பார்த்தவனுக்குச் சந்தேகம் வராது. இருண்ட காலம் முடிந்து திடீரென்று விளக்கேற்றினார்கள் என்கிற பாடத்தை என்னால் இனி அப்படியே ஒப்பிக்க முடியாது.

இறங்கி வந்து ரொட்டியும் ஆட்டுப்பால் சீஸும் வாங்கிக்கொண்டு தென்கிழக்கு மூலையில் நின்றேன். குவிமாடத்தின் அடியில் எட்டுப் பக்கம். அதில் இந்த ஒரு பக்கத்தில் மட்டும் வெள்ளைப் பளிங்கில் தூண் வைத்த நடைமாடம். சுவர்க்கோழிப் பூச்சியை அடைக்கிற கூண்டு மாதிரி இருக்கிறது என்று மைக்கேலாஞ்சலோ கேலி செய்தாராம், வேலை அதோடு நின்றுவிட்டதாம். ரொட்டியைக் கடித்துக்கொண்டே கோயிலைச் சுற்றி வந்தேன். பளிங்கு காணாத கரடுமுரடான பட்டைகள், மற்ற ஏழு பக்கமும்.