34-க்கே முகம் சுளிக்கிற ஊர்

"இன்றைக்குக் காற்று சரியில்லை, நான் ஓட வரவில்லை" என்றாள் அலுவலகத் தோழி. ஜெர்மனியில், எஸ்ஸன் நகரத்தில், எங்களுக்கு அது முதல் குளிர்காலம். கைபேசியை நீட்டிக் காட்டினாள்: காற்றில் மிதக்கிற நுண்துகளான பிஎம் 2.5, ஒரு கன மீட்டருக்கு 34 மைக்ரோகிராம். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. இந்தியாவில் ஒரு நாளுக்குச் சட்டம் அனுமதிக்கிற அளவே 60 ஆயிற்றே. நான் வளர்ந்த எண்ணூரில் 34 என்றால் மழை அடித்து ஓய்ந்த நாள். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது சிரிப்பு போய் வயிறு எரிய ஆரம்பித்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன வரம்பு ஒரு நாளுக்கு 15. அப்படியானால் அவள் பயந்ததுதான் சரி. எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் நுரையீரலுக்கு மட்டும் வேறு கணக்கா?

இங்கே ஜனவரியில் காற்று அசையாத நாட்கள் வரும். தரையோடு குளிர்ந்த காற்று, அதன் மேல் சூடான காற்று மூடி போட்டது போல உட்கார்ந்துவிடும். வீடுகளில் எரிக்கிற விறகடுப்புப் புகை, வண்டிப் புகை எல்லாம் மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே தங்கும். டுயிஸ்பூர்க்கிலிருந்து டோர்ட்மண்ட் வரை ஊர் முடிந்த இடம் தெரியாமல் அடுத்த ஊர் தொடங்குகிற ரூர் பகுதி இது. பெரும்பாலான நகர்ப்பகுதிக்குள் கார் ஓட்ட, புகை குறைவான வண்டி என்று காட்டும், பச்சை வட்டத்தில் 4 என்று போட்ட ஒட்டுச்சீட்டு கண்ணாடியில் வேண்டும். இல்லாவிட்டால் அபராதம் 100 யூரோ. புகையே விடாத மின்சாரக் காருக்கும் அந்தச் சீட்டு ஒட்ட வேண்டும் என்று தெரிந்தபோது வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.

மேல் வீட்டில் ஒரு பெரியவர். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நான் தோட்டத்துக் கொடியில் துணி உலர்த்துவதைப் பார்த்துவிட்டு ஒருநாள் இறங்கி வந்தார். அவர் சிறுவனாக இருந்தபோது வெளுத்த துணியை வெளியே காயப்போட முடியாதாம். கரித்தூள் படிந்து மறுபடி துவைக்க வேண்டியிருக்குமாம். அவருடைய அம்மா கயிற்றை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் முதல் துணியைப் போடுவாராம்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் அம்மாவும் அப்படித்தான். மொட்டை மாடிக்குப் போனதும் முதல் வேலை கொடியைத் துடைப்பது. துடைத்த துணி கறுத்து வரும். வடாம் பிழிந்தால் மேலே அப்பாவின் பழைய வேட்டியை விரிப்பாள். சாயங்காலம் அந்த வேட்டியை உதறும்போது அனல்மின் நிலையச் சாம்பல் மெல்லிசாகப் பறக்கும், நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அதுவாவது கண்ணுக்குத் தெரிகிற சாம்பல். பிஎம் 2.5 என்பது தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. அதை எந்த வேட்டி தடுக்கும்? நேராக நுரையீரலின் அடிவரை இறங்கி, அங்கிருந்து ரத்தத்திலும் கலந்துவிடுகிறது.

"ரூர் மேல் வானம் மறுபடி நீலமாக வேண்டும்" என்று ஜெர்மன் அரசியல் தலைவர் வில்லி பிராண்ட் 1961-இல் தேர்தல் மேடையில் பேசினாராம். அந்தத் தேர்தலில் அவர் பிரதமர் ஆகவில்லை. வானமும் உடனே நீலமாகிவிடவில்லை. 1985 ஜனவரியில்கூட இங்கே உச்சக்கட்டப் புகை எச்சரிக்கை விடுத்து, கார் ஓட்டவே தடை போட்டிருக்கிறார்கள். வடிகட்டிகள் வந்தன, சட்டங்கள் இறுகின, பல ஆலைகள் மூடப்பட்டன. கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் பாட்ராப்பில் மூடியது. அந்த நாளைச் சொல்லும்போது பெரியவர் அழுதார். வேலை போன வலியும் காற்று தெளிந்த நிம்மதியும் அவருக்கு ஒன்றாகவே இருக்கிறது. அதில் எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது.

இப்போது எனக்கு இந்த ஊர் பழகிவிட்டது. ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிறேன், மகள் ஏரிக்கரையில் சைக்கிள் ஓட்டுகிறாள். ஆனால் டிசம்பர் 31 நள்ளிரவில் தெருவெல்லாம் வெடி வெடித்து கந்தக வாசம் எழுந்தால் போதும், மனசு தீபாவளிக்கு ஓடிவிடுகிறது. அங்கிருந்து போகிக்கு. டயர் எரித்த கரும்புகையில் விடியலே தெரியாது. 2018 போகியன்று மீனம்பாக்கத்தில் விமானங்கள்கூட இறங்க முடியவில்லை. அந்தப் புகையில் மேளம் தட்டிக் குதித்த நாட்களை நினைத்தால் ஆசையாகவும் இருக்கிறது, இருமிக்கொண்டே பொங்கல் வைத்த பாட்டியை நினைத்தால் கோபமாகவும் இருக்கிறது.

ஸ்டுட்கார்ட்டில் 2015-இல் பொதுமக்களே மலிவான நுண்துகள் உணரிகளைத் தங்கள் வீட்டுச் சுவரில் மாட்டி, அளவுகளை எல்லோரும் பார்க்க வரைபடத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். அந்த மாதிரி ஒன்றை வாங்கி, பாகங்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை ஊருக்குப் போகும்போது எண்ணூரில் மாட்டப்போகிறேன். கடற்கரை ஈரத்தில் அது அளவைக் கூட்டிக் காட்டும் என்பது தம்பியின் கவலை. கூடவே ஈரப்பதமானியும் வைப்போம், ஈரம் ஏறிய நேரத்துக் கணக்கைத் தனியாக எடுத்து வைப்போம் என்றேன். அம்மாவுக்கு இந்த விவாதத்தில் பொறுமையில்லை. "வடக்குச் சுவர்ல மாட்டுங்கடா, சாம்பல் அந்தப் பக்கந்தான் வருது. அப்புறம் தண்ணித் தொட்டி கிட்ட வேணாம், குரங்கு புடுங்கிப் போட்டுரும்" என்றாள்.