ரெஸ்யூம்ல காணாம போன எட்டு மாசம்

போன வாரம் சித்தி பையன் வாட்ஸப்ல ஒரு பிடிஎஃப் அனுப்பிருந்தான், "உங்க கம்பெனில யார்கிட்டயாச்சும் குடுங்ண்ணா"ன்னு. டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சு ஒன்றரை வருஷம் ஆச்சு. பிரவுசிங் சென்டர்ல காசு குடுத்து அடிச்ச ரெஸ்யூம். மேல கேரியர் அப்ஜெக்டிவ்னு நாலு வரி, அதே நாலு வரிய நான் இதுவரைக்கும் நூறு பேர் ரெஸ்யூம்லயாவது பாத்திருப்பேன், அப்புறம் அப்பா பேரு, மதம், கல்யாணம் ஆகல, ஹாபி கிரிக்கெட், கடைசில எல்லாம் உண்மைன்னு டிக்ளரேஷன். ரெண்டு பக்கம் படிச்சும் இவனுக்கு என்ன வேல தெரியும்னு எனக்கே புரியல.

ஃபோன் போட்டு இவ்ளோ நாள் என்னடா பண்ணேன்னு கேட்டேன். "கணபதி ஏரியால ஒரு லேத் பட்டறைல எட்டு மாசம் இருந்தேங்ண்ணா, சின்ன பட்டறைங்க, எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் எல்லாம் தர மாட்டாங்க, அதான் போடல."

எனக்கு மனசே கேக்கல. அங்க என்ன வேலன்னு நோண்டி நோண்டி கேட்டா, சிஎன்சில, அதான் கம்ப்யூட்டர் புரோகிராம்ல ஓடற லேத்ல, பம்ப் ஷாஃப்ட் ஓட்டிருக்கான், ஃபானுக் கம்பெனி கன்ட்ரோல், ஷிஃப்ட்டுக்கு 90 பீஸ், பத்து பீஸுக்கு ஒருக்கா மைக்ரோமீட்டர் வெச்சு அளவு பாப்பானாம், வெட்டற முனை, அதான் இன்சர்ட், தேய தேய ஷாஃப்ட்டோட டயா ஏறும்ல, அப்ப மெஷின்ல டூலுக்கு குடுக்கற திருத்த அளவ, அதான் ஆஃப்செட்ட, இவனே குறைப்பானாம். கோயமுத்தூர்ல இதுக்குத்தான ஆள் தேடறாங்க!

அதைத்தான் பேருக்கும் நம்பருக்கும் கீழ முதல்ல போட வெச்சேன், எந்த மாசத்துல இருந்து எந்த மாசம் வரைக்கும், என்ன மெஷின், என்ன பீஸ், எத்தன பீஸ். இங்கிலீஷ் வராதேன்னு பயந்தான், சின்ன சின்ன வரி போதும்டான்னேன். மதம், ஹாபி எல்லாம் எடுத்தாச்சு, ஒரே பக்கம். கட்டம் போட்ட டேபிளையும் தூக்கிட்டோம், ஆன்லைன்ல அப்ளை பண்றப்ப நிறைய கம்பெனில சாஃப்ட்வேர்தான் முதல்ல படிக்குது, டேபிள்ல இருக்கறத அது பல சமயம் தப்பா பிரிச்சிரும். கம்ப்யூட்டர்ல பார்ட் வரையற சாலிட்வொர்க்ஸ் சாஃப்ட்வேர் தெரியும்னு சேத்துக்கட்டுமான்னு கேட்டான். காலேஜ்ல ரெண்டு கிளாஸ் பாத்ததோட சரி, வேண்டவே வேண்டாம்னுட்டேன், இன்டர்வியூல ஒரு ஃபிளான்ஜ் வரைன்னு சிஸ்டத்த காட்டினா நிஜமா தெரிஞ்ச வேலையையும் சேத்து சந்தேகப்படுவாங்க.

லெட்டர் இல்லாததுக்கு, பட்டறை ஓனர்கிட்ட கேட்டு அவர் சரின்னா அவர் நம்பர வாங்கி வெச்சுக்கோன்னு சொல்லிருக்கேன். வியாழக்கிழமை ஒரு எடத்துல இன்டர்வியூவுக்கு கூப்ட்ருக்காங்க. ஓனர்கிட்ட பேசறதுக்கு கூச்சப்பட்டுட்டு இன்னும் கேக்கல போல, இத போஸ்ட் பண்ணிட்டு அவனுக்கு ஃபோன் போடணும்.