ஓட்டப் பயிற்சியிலிருந்து எஸ்.எஸ்.பி. வரை: பள்ளி விளையாட்டு வீரர்களுக்கு

பள்ளி நாட்களில் மாவட்டம், மாநிலம் என்று ஜெயிக்கிற பிள்ளைகளின் காதில் விழுவது இரண்டே வழிகள்: ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை, அல்லது ஆள்சேர்ப்பு முகாமில் சிப்பாயாகத் தேர்வாவது. அதிகாரியாகவே போகலாம் என்று யாரும் சொல்வதில்லை. நான் 400 மீட்டரும் ரிலேயும் ஓடியவன். டிகிரி முடித்து, முப்படை அதிகாரிகளுக்கான சி.டி.எஸ். தேர்வு எழுதி, பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி நிலையமான ஓ.டி.ஏ.வில் பயிற்சி பெற்று, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமான அதிகாரிப் பணியான ஷார்ட் சர்வீஸ் முடித்து, இப்போது அரசு நிர்வாகப் பணியில் இருக்கிறேன். அந்த வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

எழுத்துத் தேர்வைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை சி.டி.எஸ். நடத்துகிறது. ஓ.டி.ஏ.வுக்கு மட்டும் எழுதினால் கணக்கு கிடையாது. ஆங்கிலம் 100, பொது அறிவு 100, தலா 2 மணி நேரம். பெண்களும் எழுதலாம். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும், அதனால் குத்துமதிப்பாக நிரப்பாதீர்கள். தமிழ்வழியில் படித்தவர்களை இழுத்துப் பிடிப்பது ஆங்கிலம்தான். தினமும் ஆங்கிலப் பத்திரிகையின் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். எழுத்துத் தேர்வில் தேறியவர்களை 5 நாள் நேரில் சோதித்துத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி.யில் பேசுவதற்கும் அது கைகொடுக்கும்.

உண்மையான சவால் அந்த 5 நாள் எஸ்.எஸ்.பி. தான். முதல் நாள் ஸ்க்ரீனிங்கிலேயே பெரும்பாலோர் ஊர் திரும்பிவிடுவார்கள். தாண்டியவர்களுக்கு உளவியல் தேர்வு, குழுப் பணிகள், நேர்காணல். நம்மைப் பற்றிய விவரங்களை நிரப்பும் பி.ஐ.க்யூ. படிவத்தில் விளையாட்டு விவரங்களை எழுதச் சொல்வார்கள். பதக்கப் பட்டியலைப் பார்த்து அசந்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். என் நேர்காணலில் பதக்கத்தைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. "ரிலேயில் கடைசி ஓட்டம் யாருக்கு என்று யார் முடிவு செய்தது? அணியில் இடம் கிடைக்காத பையன் என்ன செய்தான்? அவனிடம் நீங்கள் பேசினீர்களா?" இப்படியே போனது. உங்கள் அணியைப் பற்றி இந்த மாதிரி விஷயங்களை இப்போதே யோசித்து வையுங்கள். ஆனால் கதை கட்டாதீர்கள்; அடுத்தடுத்து வரும் கேள்விகளில் அது நிற்காது.

குழுப் பணிகளில் ஸ்நேக் ரேஸ் என்று ஒன்று உண்டு. சுருட்டிக் கட்டிய நீளமான கூடாரத் துணியை மொத்தக் குழுவும் தூக்கிக்கொண்டு தடைகளைத் தாண்ட வேண்டும். என் குழுவில் எல்லோரையும்விட வேகமானவர் முன்முனையைப் பிடித்தார். சுவரைத் தாண்டியதும் ஓட்டமாக இழுத்தார். பின்னால் இருந்தவர் இன்னும் சுவரின் அந்தப் பக்கம், துணி அவர் கையை அறுத்தது. அடுத்த தடையில் முன்னவர் தானாகவே நின்று, தோளைக் கொடுத்து ஒவ்வொருவராக ஏற்றிவிட்டார். அவர் தேர்வானார். குழுப் பணிகளை நடத்தி மதிப்பிடும் அதிகாரியான ஜி.டி.ஓ. பார்ப்பது இதைத்தான் என்பது என் எண்ணம்.

தனிநபர் தடைகள் மட்டும் நம் ராஜ்ஜியம்: 10 தடைகள், 3 நிமிடம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை வெவ்வேறு மதிப்பெண். எந்த வரிசையில் போவது என்று முன்னாலேயே தீர்மானித்துவிட்டு ஓடுங்கள்.

விளையாட்டு, ராணுவம், பொதுப்பணி மூன்றிலும் தடம் பதித்தவர் என்றால் ராஜ்யவர்தன் சிங் ரத்தோரைச் சொல்வேன். தேசியப் பாதுகாப்பு அகாடமியான என்.டி.ஏ.வில் படித்து, இந்திய ராணுவ அகாடமியான ஐ.எம்.ஏ.வில் சிறந்த பயிற்சி வீரருக்கான வாள் பெற்றவர். துப்பாக்கி சுடும் போட்டிகளில் இறங்கியது ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலின் டபுள் டிராப் பிரிவில் வெள்ளி வென்றார். கர்னலாக 2013இல் விலகி, 2014இல் ஜெய்ப்பூர் ஊரகத் தொகுதி எம்.பி. ஆனார், பிறகு மத்திய விளையாட்டு அமைச்சராகவும் இருந்தார். அவருடைய கட்சி உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். சீருடை போட்டால் விளையாட்டு முடிந்துவிடும் என்று பயப்படும் பெற்றோரிடம் இவரைத்தான் காட்ட வேண்டும்.

அப்புறம், ஷார்ட் சர்வீஸ் முதலில் 10 ஆண்டுகள். குறைந்தது 5 ஆண்டுகள் பணியாற்றி விடுவிக்கப்பட்டவர்களுக்கு சிவில் சர்வீசஸ் தேர்வில் வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வு உண்டு. பொதுப் பிரிவில் வரம்பு 32 என்பதால் 37 வரை எழுதலாம். 24 வயதில் சேர்ந்தவர் 34இல் வெளியே வருவார். மீதி இருக்கும் அவகாசம் கொஞ்சம்தான். அதனால் கடைசி இரண்டு ஆண்டுகளில், யூனிட்டில் இருக்கும்போதே விருப்பப் பாடத்தை முடிவு செய்து, வாரம் ஒரு விடையாவது கையால் எழுதிப் பழகுங்கள். வெளியே வந்து தொடங்கலாம் என்று தள்ளிப்போட்டால், முதல் முயற்சி பாடத்திட்டத்தைப் புரிந்துகொள்வதிலேயே போய்விடும்.