உங்களிடமா கேட்டார்?

ஸ்டீவ் அல்பினி இறந்த வாரம் (2024 மே 7, மாரடைப்பு, வயது 61) அஞ்சலி நிகழ்ச்சிக்கான ஸ்கிரிப்ட் என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே கேட்டு வாங்கினேன். அமெரிக்க ராக் குழு நிர்வாணாவின் 'இன் யூட்டரோ' ஆல்பத்தைப் பதிவு செய்தவர் என்றால்தான் எங்கள் ஆட்களுக்கே பிடிபடும். எனக்கு அப்படி இல்லை.

அவரைப் பற்றி நல்லதாக எழுதுவது சுலபம். நிர்வாணாவுக்கு எழுதிய கடிதத்தில், ராயல்டி வேண்டாம், பிளம்பருக்குக் கொடுப்பதுபோல வேலைக்குக் கூலி கொடுங்கள் என்றார். தயாரிப்பாளர் என்று தன் பெயரைப் போடுவது அவருக்குப் பிடிக்காது, பதிவு செய்தவர் என்றால் போதும். ஒலிப்பதிவு அறையில் காலம் தள்ளுகிற என் போன்றவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்தக் கடிதத்துக்கே ஸ்கிரிப்டில் பாதி போய்விட்டது.

எடிட்டுக்கு உட்கார்ந்த பெண் என்னைவிட ரொம்பச் சின்னவர். கேட்டு முடித்துவிட்டு, "சார், அந்த பேண்ட் பேர் எங்கேயும் வரலையே?" என்றார். 1987-லிருந்து 89 வரை அல்பினி நடத்திய இசைக்குழு அது. ஜப்பானிய காமிக்ஸிலிருந்து எடுத்த பெயர், பாலியல் வன்முறையையே பெயராக வைத்தது. அப்போதே எதிர்ப்பு வந்தது.

"அதுக்குத்தான் மன்னிப்புக் கேட்டுட்டாரே" என்றேன்.

"உங்ககிட்டயா சார் கேட்டார்?"

சண்டை போடுகிற குரலில் கேட்கவில்லை. ஒலியைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நேரம் இல்லை, பத்து நிமிஷ நிகழ்ச்சி, அந்தப் பெயரை ஒலிபரப்பவும் முடியாது என்று ஏதேதோ சொன்னேன். எல்லாம் உண்மைதான். இப்போதும் உண்மைதான்.

2021-ல் ட்விட்டரில் அல்பினி எழுதியதை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வசதியான இடத்தில் உட்கார்ந்துகொண்டு அறியாமையில் பேசியதும் செய்ததும் மோசம், வருந்துகிறேன் என்கிறார். கூடவே, அதைக் கண்டுகொள்ளாமல் விடவேண்டிய கடமை யாருக்கும் கிடையாது என்றும் சொல்கிறார். இந்த இரண்டாவது பகுதி எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. ரசிகர்கள் பலருக்கும் இருக்காது என்று நினைக்கிறேன். வருத்தம் தெரிவித்தார் என்பதை ரசீது மாதிரி பையில் வைத்துக்கொண்டு, யார் கேட்டாலும் எடுத்து நீட்டுகிறோம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே காலத்தில் அதே மாதிரி பேசியவர்கள், வாயே திறக்காதவர்கள், நிம்மதியாக அஞ்சலி வாங்கிப் போகிறார்கள். ஒப்புக்கொண்டவரை மட்டும் செத்த பிறகும் நிறுத்திவைத்துக் கேட்பது எந்த ஊர் நியாயம்? இதை அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாம், அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், அவர் கேட்டது அல்பினியைப் பற்றியா என்னைப் பற்றியா என்பதே எனக்குச் சந்தேகம். அந்தக் குழுவின் பாடல்களை இருபது வயதில் சத்தமாக வைத்துக் கேட்டவன் நான், அந்தப் பெயர் அன்றைக்கு உறுத்தவில்லை. அல்பினி மாறினார். அவர் மாறினார் என்று நான் படித்தேன், அவ்வளவுதான்.

கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்தோம். இளவயதில் பெண்களைப் புண்படுத்தும் பெயரில் ஒரு குழு நடத்தினார், பின்னாளில் அதற்கு வருந்தினார். பெயர் இல்லை. அந்தப் பெண்ணுக்கு அது பத்தவில்லை, முகத்திலேயே தெரிந்தது. எனக்கு, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் அதிகமாகவே பட்டது. நடத்தினார், வருந்தினார் இரண்டும் ஒரே மூச்சில் வருகிற மாதிரி எழுதியதும் நான்தான். கேட்கிறவருக்கு நடுவில் யோசிக்க இடம் கிடைத்திருக்காது.

இன்றைக்கு எழுதச் சொன்னால் பெயரைச் சொல்வேன் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அதற்கு முன்னால் அந்தக் கடிதத்தை முழுசாகப் படித்துக் காட்டிவிடுவேன்.