அந்த ஒரு வரி

நிக்காஹ் (இஸ்லாமியத் திருமணம்) ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் மணமகள் கேட்டாள்: "என் நிபந்தனையை எழுதிட்டீங்களா?"

கணவன் கை நீட்டினால் மணவிலக்குப் பெறும் உரிமை தனக்கு உண்டு என்ற ஒரே வரி.

மணமகன் சரி என்றுவிட்டான். பெரியவர்களுக்குத்தான் பொறுக்கவில்லை.

இதில் என்ன புதுமை? நிக்காஹ் என்பதே ஒப்பந்தம்தானே. நபித்தோழர் ஸாபித் இப்னு கைஸின் மனைவி, தன்னால் அவரோடு வாழ முடியாது என்று வந்து நின்றபோது நபி (ஸல்) அவர்கள் அந்தப் பெண்ணைப் பொறுத்துப்போகச் சொல்லவில்லை. மஹராக (கணவன் தரும் மணக்கொடையாக) பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிரிய வழிசெய்தார்கள்.

மனைவியை அடிக்க அனுமதி உண்டு என்று குர்ஆனின் 4:34 வசனத்தைக் காட்டிக் கை ஓங்குகிறவர்கள், நபியவர்கள் எந்தப் பெண்ணையும் அடித்ததில்லை என்று அவர் மனைவி ஆயிஷா (ரலி) சொன்ன ஹதீஸை (நபி பற்றிய அறிவிப்பை) மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம், அடிபட்டு வந்த மகளை "சபூர் செய்" (பொறுமையாக இரு) என்று திருப்பி அனுப்பும் வீட்டார் எந்த வசனத்தைக் காட்டுவார்கள்?