அந்நிய தேசத்தில் ஓர் அறைவீடு

"தனியாத்தானே இருக்க, ஜெபம் பண்ண நேரத்துக்கா குறைச்சல்?" என்று அம்மா போனில் கேட்டது சுருக்கென்று தைத்தது. அன்போடுதான் கேட்டார். ஆனால் வெளிநாடு வந்தவர்களைப் பற்றிப் பலருக்கும் அந்த நினைப்புதான்: தனி அறை, தட்டுவதற்கு ஆளில்லாத கதவு, ஜெபத்துக்கு இதைவிட வசதி வேண்டுமா என்று.

ஆளில்லாத அறையில் மனம் எவ்வளவு பேசும் என்பது அங்கே இருந்து பார்த்தால்தான் தெரியும். விசா நீட்டிப்பு, வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணம், அப்பாவின் ரத்த அழுத்தம் எல்லாம் கதவைப் பூட்டிய பிறகுதான் உள்ளே வருகின்றன. அதைத் தாங்காமல் கை போனைத் தேடும். அப்புறம் வேலைக்குக் கிளம்பும் நேரம் வந்துவிடும். வீட்டில் அத்தனை பேருக்கு நடுவே ஜெபம் தானாக நடந்தது. அப்பா கூப்பிடுவார், அம்மா வேதாகமத்தை எடுப்பார், நாங்கள் உட்கார்ந்தால் போதும். அப்பாவின் ஜெபம் நீளும். தம்பி முழங்காலில் இருந்தபடியே தூங்கிப்போவான். ஆனால் 'ஆமென்' மட்டும் எல்லாரையும்விடச் சத்தமாக அவனிடமிருந்துதான் வரும்!

இங்கே வந்தபின் மாற்கு முதல் அதிகாரம் எனக்கு வேறுவிதமாகப் புரிகிறது. இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று 35-ஆம் வசனம் சொல்கிறது. அதற்கு முந்தின மாலை பட்டணம் முழுவதும் அவர் இருந்த வீட்டு வாசலில் கூடியிருந்தது. ஓய்வாக இருந்த நாளில் அவர் போகவில்லை, வேலை குவிந்த நாளுக்கு மறுநாள் போனார். சீமோன் தேடி வந்து, "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறார். அவரோ அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். எங்கே போக வேண்டும் என்ற தெளிவு அந்தத் தனிமையில் கிடைத்தது என்றே நான் நம்புகிறேன். ஜெபத்துக்கான நேரம் மிச்சம் விழாது, அதை எடுத்துத்தான் வைக்க வேண்டும்.

சரி, நான் எடுத்து வைத்திருப்பது விடியலில் கொஞ்ச நேரம். போன் அடுத்த அறையில் கிடக்கும். ஒரு சங்கீதத்தை வாய்விட்டுப் படிப்பேன். நாளெல்லாம் வேறு மொழி பேசும் வாய்க்கு அதுவே ஆறுதல். கவலைகள் வந்தால் விரட்டுவதில்லை, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கர்த்தரிடம் கொடுத்துவிடுகிறேன்.

என்னை மிகவும் தாங்குகிறவர், யூதாவிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன தானியேல்தான். பாபிலோனில் எருசலேமுக்கு நேரான பலகணிகளைத் திறந்துவைத்து, தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டார். பாபிலோன் வீழ்ந்தபின் ஆண்ட தரியு ராஜாவின் காலம் அது. எருசலேம் ஆலயம் இடிந்ததோ கி.மு. 586-இல், பாபிலோன் வீழ்ந்தது கி.மு. 539-இல். அப்படியென்றால் அவர் பார்த்து ஜெபித்த திசையில் ஆலயமே இல்லை! சிறைப்பட்டுப் போனவர்கள் தங்கள் தேசத்துக்கு நேராக ஜெபித்தால் கேட்டருளும் என்று ஆலயப் பிரதிஷ்டையில் சாலொமோன் செய்த விண்ணப்பத்தை அவர் நினைத்திருப்பார் என்று தோன்றும். நாம் விட்டு வந்த வீடும் விட்டபடியே இருக்காது. ஆனாலும் அந்தப் பக்கம் திரும்பி ஜெபிக்கலாம், கேட்கிறவர் இங்கேயும் இருக்கிறார்.

இப்போது எனக்கு இந்தத் தனி ஜெபம் பழகிவிட்டது. ஆனால் கண்ணை மூடினால் அப்பாவின் வரிசைதான் வருகிறது: முதலில் நோயாளிகள், பிறகு விதவைகள், பிறகு 'தூரதேசத்தில் இருக்கிற பிள்ளைகள்'. அது யாரென்று சின்ன வயதில் நான் யோசித்ததே இல்லை. இப்போது அந்த இடம் வரும்போது, என்னைப் போல இங்கே தனி அறைகளில் இருப்பவர்களைப் பெயர் சொல்லி ஜெபிக்கிறேன்.