நோய்க்கு முன்னால் இருந்த அப்பா

அப்பா இறந்த பிறகு அவரை நினைத்தாலே முதலில் வந்து நின்றவை கடைசி வருடங்கள்தான்: மாத்திரைப் பெட்டி, சுவரைப் பிடித்து எடுத்து வைத்த சின்னச் சின்ன அடிகள், காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்கிற குரல். பார்க்கின்சன் நோய் அவரிடமிருந்து நிறையப் பறித்தது. போதாதென்று எங்கள் நினைவிலும் அவர் வாழ்ந்த வாழ்க்கை முழுவதையும் மறைத்துக்கொண்டு நின்றது. என் பிள்ளைகளுக்குத் தாத்தா என்றால் சிரிக்காத ஒருவர், அவ்வளவுதான். அதைத் தாங்க முடியாமல்தான் நானும் தங்கையும் அவருடைய வாழ்க்கையை எழுதித் தொகுக்க உட்கார்ந்தோம்.

டைரிகளில் ஆரம்பித்தோம். வருட வரிசையில் அடுக்கிப் புரட்டியபோது எழுத்து வரவரச் சிறுத்துக்கொண்டே போனது தெரிந்தது. வரியின் தொடக்கத்தில் ஓரளவு பெரிதாக இருப்பது, வரி முடிவதற்குள் நுணுகிவிடுகிறது. டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள் அழிய அழிய அசைவுகளின் அளவே குறுகிவிடும், நடை, குரல், எழுத்து, முகபாவம் எல்லாமே அப்படித்தான் என்று நரம்பியல் மருத்துவர் முன்பு சொல்லியிருந்தார். நோய்க்குப் பெயர் வைக்கப்படுவதற்கு முன்பே டைரியில் அது தொடங்கியிருந்தது. அந்தப் பக்கங்களை வைத்துக்கொண்டு தங்கை அழுதுவிட்டாள். ஆனாலும் நோய் எங்கே ஆரம்பிக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடிந்தது பெரிய ஆறுதல். அதற்கு முன்னால் அலமாரி நிறைய டைரிகள் இருந்தன, குண்டு குண்டான எழுத்தில்.

பிறகு அவரை அறிந்தவர்களிடம் பேசினோம். "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் எல்லாரும் "தங்கமான மனுஷன்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். கனடாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவ், வாழ்வின் இறுதிக் கட்டத்தில் இருக்கும் நோயாளிகளிடம் அவர்கள் வாழ்க்கையைப் பற்றிக் கேள்விகள் கேட்டு, பதில்களைப் பதிவுசெய்து, எழுத்தாக்கிக் குடும்பத்துக்குக் கொடுக்கும் முறையை உருவாக்கியவர். 2005இல் அவரது ஆய்வு வெளியானது. அதிலுள்ள ஒரு கேள்வி: "நீங்கள் மிகவும் உயிர்ப்போடு உணர்ந்தது எப்போது?" இது நோயாளியிடமே கேட்க வேண்டிய கேள்வி. வீட்டில் யாராவது நோயோடு இருந்தால், குரல் தெளிவாக இருக்கும்போதே கேட்டுப் பதிவுசெய்துவிடுங்கள் என்று கெஞ்சியே சொல்வேன். நாங்கள் அதைத் திருப்பி, "அப்பா ரொம்பக் குஷியாக இருந்து எப்போது பார்த்தீர்கள்?" என்று கேட்டோம்.

அத்தை யோசிக்கவே இல்லை. "பலகுரல் பண்ணும்போதுதான்! வாத்தியார் ஒருத்தர் விடாம எல்லார் மாதிரியும் பேசிக் காட்டுவான்" என்றார். அப்பாவோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரிடம் பிரிவு உபசார விழா ஒன்றின் கேசட் இருந்தது. பழைய நாடாவைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் அறுந்துவிடலாம் என்பதால், தெரிந்த ஒருவரிடம் கொடுத்து முதலில் கணினிக்கு மாற்றி, பிரதிகளை வெவ்வேறு இடங்களில் வைத்துவிட்டுத்தான் கேட்டோம். மேலதிகாரியின் இருமல் வரைக்கும் அப்பா செய்து காட்டுகிறார், கூடம் அதிர்கிறது. என் மகன் நம்பவே இல்லை. "இது தாத்தாவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

புகைப்படங்களுக்கும் அவசரம் உண்டு. படத்தில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக் கூடியவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு, பின்பக்கம் மென்மையான பென்சிலால் எழுதிவிட வேண்டும். பேனா மை ஊறும்.

நோயைப் பற்றி எழுதவே வேண்டாம் என்றார்கள் உறவினர்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. முகத் தசைகள் இறுகியதால்தான் சிரிப்பு வெளியே தெரியவில்லை, உள்ளே மகிழ்ச்சி இல்லாமல் போகவில்லை. இந்த நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை வேலை செய்கிற நேரத்தில்தான் கையும் காலும் அவர் சொன்னபடி கேட்கும். தனக்குக் கிடைத்த அந்த நல்ல நேரத்தை அவர் என் மகளுக்குச் சதுரங்கம் சொல்லித்தரச் செலவழித்தார். தன் காயைப் பிடிக்க விரல்கள் தடுமாறினாலும் அவளை நகர்த்த விடமாட்டார், தானே நகர்த்துவார். அதை எப்படி விட்டுவிட முடியும்? கடைசி வருடங்களுக்கு ஒரு அத்தியாயம் என்று முடிவுசெய்தோம், பலகுரலுக்கும் ஒன்று. சதுரங்கப் பகுதியை மகளே எழுதுகிறாள். அத்தை இன்னும் சில பழைய நண்பர்களைச் சொல்லியிருக்கிறார், அடுத்து அவர்களைப் பார்க்கப் போகிறோம்.